ஏழு மொழி தெரிந்த கேட்சர்

பேஸ்பால் என்றதும் "அது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பிதானே, நமக்கெதுக்கு" என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள். பேப் ரூத் மாதிரி நட்சத்திரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது 15 சீசன் ஆடி மொத்தமே 6 ஹோம் ரன் அடித்த ஒரு ஆசாமியைப் பற்றி. பெயர் மோ பெர்க்.

அமெரிக்கர்கள் இந்த மாதிரி ஆட்டக்காரரை 'ஜர்னிமேன்' என்பார்கள். தொழில் சுத்தமாகத் தெரியும், ஆனால் மேஸ்திரி ஆக மாட்டார். கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு சைட் சைட்டாகப் போவது போல அணி அணியாகப் போய்க்கொண்டிருப்பார். பெர்க்கின் சைட்டுகள்: புரூக்ளின், சிகாகோ, கிளீவ்லாந்து, வாஷிங்டன், பாஸ்டன்.

கேட்சர் என்றால் யார்? ஸ்டம்ப் இல்லாத விக்கெட் கீப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முழுக்கக் குந்தியே இருக்க வேண்டும். முகத்துக்கு மூடி, நெஞ்சுக்குக் கவசம், காலுக்குப் பேடு. பந்து போடும் பிட்சருக்கு அடுத்து என்ன போட வேண்டும் என்று விரலால் ரகசியச் சைகை காட்டுவதும் அவர்தான். எதிரணி ஆள் ஒவ்வொருவனின் பலவீனமும் அவர் மண்டையில் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கவசங்களுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'அறியாமையின் கருவிகள்'. புத்தியுள்ளவன் இந்த வேலைக்கு வருவானா என்ற கிண்டல்.

பெர்க்கின் புத்தியைப் பார்ப்போம். 1902-ல் நியூயார்க்கில் பிறந்தவர், வளர்ந்தது நெவார்க். உக்ரைன் பக்கமிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம், அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். பையன் 1923-ல் பிரின்ஸ்டனில் மொழிகள் படித்துச் சிறப்புத் தேர்ச்சி பெற்றார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ஜெர்மன், அப்புறம் சமஸ்கிருதம்! பிறகு பாரிஸ் போய் சோர்போனில் வகுப்புகள். ஆட்டத்துக்கு நடுவிலேயே கொலம்பியாவில் சட்டம் படித்து 1930-ல் பட்டம். நம் ஊர் அப்பாக்களின் கனவுப் பிள்ளை.

ஆனால் பிள்ளை பந்து பிடிக்கப் போய்விட்டது. அப்பா பெர்னார்டுக்கு அது பிடிக்கவே இல்லை. மகன் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அவர் வந்து பார்த்ததில்லை என்கிறார்கள். ஒன்றிரண்டு வருஷமில்லை, பதினைந்து வருஷம்.

ஆரம்பத்தில் அவர் ஷார்ட்ஸ்டாப். கை நல்ல கை, மட்டைதான் பேசவில்லை. 1927 ஆகஸ்டில் சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் கேட்சர்கள் மூன்று பேரும் வரிசையாகக் காயம்பட்டார்கள். அதில் ஒருவர் மேனேஜர் ரே ஷாக்கே. வேறு ஆளில்லாமல் பெர்க்கின் தலையில் முகமூடி ஏறியது. அப்புறம் இறங்கவில்லை. 1929 அவருடைய பொற்காலம், சராசரி .287. அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 287 ஹிட். அந்த ஆட்டத்தில் அது கௌரவமான எண்.

1930 வசந்தத்தில் முழங்கால் போனது. கேட்சருக்கு முழங்கால் போனால் தச்சனுக்குக் கை போன மாதிரி. 1931-ல் கிளீவ்லாந்துக்கு ஆடியது மொத்தம் 10 ஆட்டம். 1932-லிருந்து வாஷிங்டன். அங்கே 1934 வரை தொடர்ந்து 117 ஆட்டங்கள் ஒரு பிழைகூட இல்லாமல் பிடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்தார். 1933-ல் அந்த அணி உலகத் தொடர் வரை போனது. பெர்க் அதில் களமிறங்கவில்லை, வெளியே இருந்து பார்த்தார். 1935 முதல் பாஸ்டனில் ஐந்து சீசன், எதிலும் ஐம்பது ஆட்டத்தைத் தாண்டவில்லை.

ஐடியில் இருப்பவர்களுக்கு 'பெஞ்ச்' என்ற சொல்லை விளக்க வேண்டாம். சம்பளம் வரும், மரியாதை வராது. புனே வந்த புதிதில் நானும் மூன்று மாதம் அப்படி இருந்திருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா போனில் "வேலை எப்படிப்பா போகுது?" என்பார். "பரவாயில்லைப்பா, மழை பெஞ்சுதா அங்க?" என்று பேச்சை மாற்றுவேன். மூன்று மாதத்துக்கே இப்படி என்றால் ஐந்து வருஷம் எப்படி இருந்திருக்கும்? அதனால்தான் பெர்க்கின் பாஸ்டன் காலத்தை வெறும் புள்ளிவிவரமாக என்னால் கடக்க முடியவில்லை.

பெஞ்சில் அவர் என்ன செய்தார்? படித்தார். தினம் கட்டுக் கட்டாகச் செய்தித்தாள்கள். தான் படித்து முடிக்கும் வரை யாரையும் தொட விட மாட்டார், படிக்காத பேப்பருக்கு உயிர் இருக்கிறது என்பது அவர் கொள்கை. இளம் பிட்சர்களின் பந்தைப் பிடித்துப் பழக்கினார். வானொலி வினாடி வினாவில் பதில் சொல்லி நாட்டையே அசத்தினார். "ஏழு மொழி தெரியும், ஒரு மொழியிலும் அடிக்கத் தெரியாது" என்று அவரைப் பற்றி ஒரு கிண்டல்கூட உண்டு. :-)

இனி உளவுக் கதை. 1932-ல் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போனார். திரும்பும் வழியில் சீனா, சயாம், இந்தியா, எகிப்து என்று சுற்றினார். 1934-ல் ரூத், கெரிக் எல்லாம் அடங்கிய நட்சத்திர அணி ஜப்பான் போனபோது, மொழி தெரிந்த இந்த ரிசர்வ் ஆளும் அதில் இருந்தார். ஒரு நாள் ஆட்டத்துக்குப் போகாமல் கிமோனோ போட்டுக்கொண்டு, பூங்கொத்தோடு டோக்கியோ செயின்ட் லூக் மருத்துவமனைக்குப் போனார். அமெரிக்கத் தூதரின் மகள் அங்கே பிரசவித்திருந்தார். பெர்க் அவரைப் பார்க்கவேயில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறி, நகரத்தை மூவி கேமராவில் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். 1942-ல் டோக்கியோ மேல் குண்டு போட இந்தப் படம்தான் உதவியது என்று ஒரு கதை சுற்றுகிறது, ஆனால் ஆராய்ந்தவர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

அவர் கடைசியாக ஆடியது 1939 செப்டம்பர் 1. ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அதே நாள். பிறகு இரண்டு வருடம் பாஸ்டனில் பயிற்சியாளர். 1943-ல் ஓஎஸ்எஸ் உளவு அமைப்பில் சேர்ந்தார். ஜெர்மானியர்கள் அணுகுண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது வேலை. 1944 டிசம்பரில் ஜூரிக்கில் ஹைசன்பர்க் உரையாற்றினார். கூட்டத்தில் பெர்க். பையில் துப்பாக்கி. குண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தெரிந்தால் பேசுபவரைச் சுட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு.

அவர் சுடவில்லை. உட்கார்ந்து கேட்டார், முகத்தைப் பார்த்தார், குறிப்பெடுத்தார். பிறகு ஒரு விருந்திலும் கவனித்தார். ஆபத்து அருகில் இல்லை என்று முடிவு செய்தார். ஜெர்மனி குண்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை என்பது போருக்குப் பின் உறுதியானது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று குந்தியிருந்து பார்ப்பது கேட்சரின் வேலை. ஆடாமல் பார்ப்பது ரிசர்வ் கேட்சரின் வேலை. ஜூரிக்கில் அவசரப்படாமல் இருந்த கண், பாஸ்டன் பெஞ்சில் பழகிய கண் என்றே நினைக்கிறேன். நிரூபிக்க முடியாதுதான்.

ஆனால் "கடைசியில் உளவாளி ஆனாரே, அதனால்தான் அவருக்கு மதிப்பு" என்று முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அன்று பெரிய லீக்குகளில் மொத்தமே 16 அணிகள். அணிக்கு இரண்டோ மூன்றோ கேட்சர்கள். அந்தக் கொஞ்ச இடங்களில் ஒன்றை, போன முழங்காலோடு, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் விடாமல் வைத்திருந்தார். 663 ஆட்டம், .243 சராசரி. துப்பாக்கி இல்லாவிட்டாலும் அது ஒரு முழுத் தொழில் வாழ்க்கை.

போருக்குப் பின் நிலையான வேலை இல்லை. அண்ணன் வீட்டிலும் பிறகு அக்கா வீட்டிலும் காலத்தைக் கழித்து 1972-ல் இறந்தார். அரசு கொடுத்த சுதந்திரப் பதக்கத்தை ஏனோ வாங்க மறுத்திருந்தார். இறந்த பின் அக்கா எதெல் அதை வாங்கி, கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுத்தார். மாபெரும் ஆட்டக்காரர்களுக்கு இடம் தரும் அந்த அரங்கம் பெர்க்கைத் தேர்ந்தெடுக்கவேயில்லை. பதக்கம் மட்டும் உள்ளே போய்ச் சேர்ந்தது.

அப்பா பெர்னார்டு 1942 ஜனவரியில் போய்ச் சேர்ந்திருந்தார். மகன் ஆடி நான் பார்க்கவில்லையே என்று கடைசிக் காலத்திலாவது நினைத்திருப்பாரா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.