குங்கிலியம்: மரத்தோட ஃபயர்வால்

போன வருஷம் சேலையூர்ல எங்க தெரு முனை வேப்ப மரத்துல பிசின் வடிய ஆரம்பிச்சுது. "மரத்துக்கு நோய், விழுந்துடும்"னு சொல்லி ரெண்டே நாள்ல வெட்டிட்டாங்க. நானும் நின்னு வேடிக்கைதான் பார்த்தேன். பிசின் வடியறது மரம் சாகறதுக்கு அடையாளமா, சண்டை போடறதுக்கு அடையாளமான்னு அன்னைக்கு யாரும் கேட்கலை. இந்த எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தினதுதான்.

தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு இல்லையா? சித்த மருத்துவத்துல குங்கிலிய பற்பம், குங்கிலிய வெண்ணெய் எல்லாம் உண்டு. அந்தக் குங்கிலியம் சால மரத்தோட பிசின். நமக்கு அது மருந்து, தூபம். மரத்துக்கு அது ஆயுதம்.

மத்திய இந்தியாவின் சாலக் காடுகளில் ஒரு நீளக்கொம்பு வண்டு இருக்கிறது. மழை தொடங்கியதும் வெளியே வந்து, மரப்பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரம் திடமாக இருந்தால் துளை வழியே பிசின் பெருகி, புழுவை மூழ்கடித்துவிடும். அதனால் சாதாரண வருஷங்களில் இந்த வண்டு விழுந்த மரத்திலும் நலிந்த மரத்திலும்தான் பிழைக்கும்.

ஆனா ஒரே மரத்துல நூத்துக்கணக்கான புழு ஒரே நேரத்துல நுழைஞ்சா? எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, இது டிடாஸ் அட்டாக். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் சின்னதுதான், மொத்தமா வந்தா சர்வர் படுத்துடும். மரத்துலயும் பிசின் தீர்ந்துபோகும்.

1923 முதல் 1928 வரை மத்திய மாகாணங்களில் அப்படித்தான் நடந்தது. ரயில் ஸ்லீப்பர் கட்டைக்குச் சால மரத்தை நம்பியிருந்த பிரிட்டிஷ் அரசுக்கு அது பெரிய தலைவலி. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் பீசன் அந்தக் காலத்தில் இந்த வண்டை விரிவாக ஆராய்ந்தார். 'பொறி மரம்' என்ற முறை அப்போது வந்ததுதான். மழைக்காலத்தில் சில மரங்களை வெட்டி, துண்டு போட்டு, பட்டையை நசுக்கி வைப்பார்கள். சாறு வாசனைக்கு வண்டுகள் பறந்து வந்து, குடித்து மயங்கிக் கிடக்கும். காட்டுவாசிகள் கையால் பொறுக்கிக் கொடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கினார்கள். வண்டு குறைந்தால் மிச்சத்தை மரமே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இதில் உள்ள கணக்கு.

பைன் போன்ற ஊசியிலை மரங்களிலும் இதே கதைதான். பிசின் நாளங்கள் எப்போதும் தயாராக இருக்கும். தாக்குதல் தொடங்கியதும் மரம் புதிய நாளங்களையும் கட்டும். ஆனால் பிசின் அழுத்தத்தோடு வெளியே வர மரத்தில் தண்ணீர் வேண்டும். வறட்சியில் அது குறையும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரிசி மணி அளவு மலைப் பைன் வண்டு, 1990-களில் தொடங்கி சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. நம்ம தமிழ்நாடே 1.3 கோடி ஹெக்டேர்தான்! குளிர்காலம் மிதமானதால் வண்டுகள் சாகவில்லை. இதில் கொடுமை என்னன்னா, மரத்தோட பிசின்ல இருக்கிற ஒரு பொருளையே மாத்தி, மத்த வண்டுகளைக் கூப்பிடற வாசனையா அந்த வண்டு பயன்படுத்துது.

1990-களின் நடுவில் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா பகுதியில் சால வண்டு மறுபடி பெருகியது. 30 லட்சத்துக்கும் மேல் மரங்கள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. மறுபடி பொறி மரம், மறுபடி வண்டு பொறுக்கும் கூலி. கூடவே லட்சக்கணக்கில் மரங்களை வெட்டினார்கள். பிழைக்கக்கூடிய பச்சை மரங்களும் சேர்ந்து போகிறதே என்று பெரிய சர்ச்சை எழுந்தது. வண்டு நுழைந்த மரமெல்லாம் செத்த மரம் இல்லை. பிசின் வடிய நிற்கிற மரம் ஜெயித்துக்கொண்டும் இருக்கலாம்.

எங்க தெரு வேம்பு பிழைச்சிருக்குமா? சொல்ல முடியாது, பார்க்க ஆளைக் கூப்பிடவே இல்லையே. உங்க தெருவுல ஒரு மரம் பிசின் விட்டா, கோடாலிக்காரரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி மரம் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.