இலவச லேப்டாப்பில் ஸ்க்ரீன் போச்சா? வீட்டு கலர் டிவியை மானிட்டரா மாத்தலாமா?

2006-ல் திமுக ஆட்சியில் 14 அங்குல இலவச கலர் டிவி வந்தது. 2011 செப்டம்பர் 15-ல் அதிமுக அரசு மாணவர்களுக்கான இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டும் மூலையில் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கு. லேப்டாப்பில் ஸ்க்ரீன் மட்டும் செத்துப்போயிருந்தா, அந்த டிவியிலேயே பார்க்க முடியுமா?

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பை ஆன் செய்தால் லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஆனா திரை கறுப்பா இருக்கா? பக்கத்து வீட்டு எல்இடி டிவியிலோ மானிட்டரிலோ எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ கேபிளில் இணைங்க. கீபோர்டின் மேல் வரிசையில் மானிட்டர் படம் போட்ட பட்டனை எஃப்என் பட்டனோடு சேர்த்து அழுத்துங்க. படம் வந்தா மதர்போர்டு பெரும்பாலும் நல்லா இருக்கு. பேனலிலோ அதன் ஒயரிலோதான் கோளாறு. இதைப் பார்க்காம ரிப்பேருக்குப் பணம் கொடுக்காதீங்க.

சின்ன கணினிக்கு வெளியே கலர் திரை சேர்ப்பது புதுசும் இல்ல. 1989-ல் வந்த ஆப்பிள் மேக்கின்டோஷ் எஸ்இ/30-ல் இருந்தது 9 அங்குல கறுப்பு வெள்ளைத் திரைதான். உள்ளே ஒரு வீடியோ கார்டு செருகி, கலர் மானிட்டரை மாட்டிக்கொண்டார்கள். லேப்டாப்பில் அந்த வேலைகூட இல்ல, போர்ட் ஏற்கெனவே இருக்கு.

இப்போ பழைய டியூப் டிவிக்கு வருவோம். அதில் மஞ்சள் ஏவி சாக்கெட் இருந்தா, எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கி இணைக்கலாம். ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவது வேற பெட்டி, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடையில் கேட்டு வாங்குங்க.

படம் வரும், ஆனா எழுத்து வராது! 14 அங்குல லேப்டாப்களில் பரவலா இருக்கும் அளவு 1366-க்கு 768 பிக்சல். இந்திய டியூப் டிவி காட்டுவது 576 வரிகள்தான். போதாக்குறைக்கு, வெளிச்சமும் நிறமும் ஒரே மஞ்சள் ஒயரில் வருவதால் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் நிறம் வழியும். சினிமா, பாட வீடியோ பார்க்கலாம். ரெஸ்யூம் டைப் செய்ய, ஆன்லைன் விண்ணப்பம் நிரப்ப சரிப்படாது. அதுக்கு விஜிஏ உள்ள செகண்ட் ஹேண்ட் எல்சிடி மானிட்டர்தான் நல்ல வழி. விஜிஏ-யில் சத்தம் வராது, லேப்டாப் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கலாம்.

குயிலாப்பாளையம், மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு பிரச்சினை உப்புக் காற்று. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த போர்ட்டில் பச்சை பூத்திருந்தா கேபிளை அழுத்தித் திணிக்காதீங்க. சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷால் துடைத்து, நல்லா காயவிட்ட பிறகு மாட்டுங்க.

டியூப் டிவியின் பின்மூடியை மட்டும் கழட்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.