கசப்பும் காவலும்

மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். இந்நாட்டில் ரப்பரைத் தோட்டமாக வைத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். பின்னர்க் காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின, மலேரியாக் காய்ச்சலும் பெருகியது. நம் முன்னோர் பலர் அதற்கு இரையாயினர். அன்று கைகொடுத்த மருந்து கொய்னா. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட அது கடுங்கசப்பு உடையது. உயிர் காக்கும் மருந்தை நாக்கு ஏன் துப்பச் சொல்கிறது?

விடை மனித இனத்தின் பழைய வரலாற்றில் இருக்கிறது. ஓட முடியாத செடிகொடிகள் தம்மைத் தின்ன வருவோரை நஞ்சால் தடுக்கின்றன. அந்நஞ்சுகளில் பல கசக்கும். கசப்பை அறிந்து துப்பியோர் பிழைத்தனர். அவர்கள் வழிவந்தவர்கள் நாம். அதனால்தான் இனிப்பை உணர ஒரு வகை ஏற்பி போதுமாயிருக்க, கசப்பை உணர நமக்கு ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உள்ளன.

ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை, அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கால் உயிர் பிழைத்த கதையை வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கசப்பு மரவள்ளியில் சயனைடு நஞ்சு பிறக்கும். தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்தால்தான் அது குறையும். அங்கே நாக்கின் எச்சரிக்கை மெய்யானது.

இக்காவல் நாவோடு நிற்பதில்லை. மூக்கின் உட்பரப்பிலும் ஒரு கசப்பு ஏற்பி வேலை செய்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். சில கிருமிகள் வெளிவிடும் பொருளை அது கண்டுகொள்கிறது. உடனே நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு தோன்றிக் கிருமியைக் கொல்கிறது. மெல்லிய மயிரிழைகள் விரைந்து அசைந்து சளியைத் தள்ளுகின்றன. இக்காவல் தளர்ந்தால் கிருமி பெருகும். அதை எதிர்த்து உடல் நடத்தும் போரில் சிவப்பு, வீக்கம், சூடு, வலி உண்டாகும். இதுவே அழற்சி.

இந்த ஏற்பி பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே, ஒருவருக்குக் கடுங்கசப்பாயிருக்கும் பொருள் இன்னொருவருக்குச் சப்பென்று இருக்கலாம்.

நாக்கு தருவது எச்சரிக்கை, தீர்ப்பன்று. கொய்னாவும் கசந்தது, நச்சுக்கிழங்கும் கசந்தது. இரண்டையும் பிரித்தறியத் துணைநின்றது மனிதன் சேர்த்த அறிவு. பாகற்காயைத் தள்ளும் பிள்ளையை அடிக்க வேண்டாம்; சிறிது சிறிதாகப் பழக்குவோம். கசப்பதெல்லாம் மருந்து என்று நம்பி, அறியாத இலையையும் வேரையும் உண்ணவும் வேண்டாம். மருத்துவரைக் கேட்டு நடப்போம்.