தூக்கணாங்குருவியின் நெசவும் முஸ்லிம் அறிஞர்களின் நோக்கும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் 1925-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில்தான் குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர் அவ்வூரின் முதல் பனியன் கூடத்தை நிறுவினார். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே கொங்கு நாட்டுத் தோட்டக் கிணறுகளின்மேல் சாய்ந்த மரக்கிளைகளிலும், பனையோலை நுனிகளிலும் தறியும் ஊசியும் இன்றி ஒரு நெசவு நடந்து வந்திருக்கிறது. மழைக்காலத்தில் அந்நெசவைச் செய்வது சிட்டுக்குருவியின் அளவே உள்ள தூக்கணாங்குருவி. இப்பறவை அறிந்து செய்கிறதா, அறியாமலே செய்கிறதா என்பது பழைய வினா. இந்திய முஸ்லிம் அறிஞர் சிலர் இதனைக் கூர்ந்து நோக்கி எழுதியிருப்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

விலங்கின் அறிவை அளக்க இக்கால அறிவியலார் பெரிதும் கைக்கொண்ட அளவுகோல் கருவிப் பயன்பாடு. கருவி செய்யும் உயிர் மனிதன் ஒருவனே என்ற கருத்து 1960-இல் ஆட்டம் கண்டது. தான்சானியாவின் கொம்பே காட்டில் சிம்பன்சிகள் புல் தண்டுகளையும் இலை உருவிய குச்சிகளையும் புற்றில் நுழைத்துக் கரையான்களை எடுத்துண்பதை அவ்வாண்டில் ஜேன் குடால் கண்டார். நமக்கு அண்மையில், கருநாடகத்தின் நாகரகொளே தேசியப் பூங்காவில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. அங்கு 13 வளர்ப்பு யானைகளுக்கு, ஈயோட்ட இயலாத அளவு நீண்டும் அடர்ந்தும் இருந்த கிளைகள் தரப்பட்டன. 8 யானைகள் அவற்றை ஒடித்துச் சிறிதாக்கி, அதன்பின் ஈயோட்டின. வேலைக்கேற்பப் பொருளைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அவற்றிடம் இருந்தது.

இவ்வளவுகோலின்படி கூடு கருவி ஆகாது. அதனை நெய்யும் அலகு உடலுறுப்பே ஆகும். எனில், தூக்கணாங்குருவியின் திறனை அறிவு என்று கூற இடமுண்டா?

திருக்குர்ஆன் இவ்வினாவை வேறொரு தளத்தில் வைக்கிறது. பூமியில் நடமாடும் உயிர்களும் இரு சிறகால் பறக்கும் பறவைகளும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆம் வசனம் உரைக்கிறது. உடன்பிறந்தானைக் கொன்றுவிட்டு உடலை என் செய்வதெனத் திகைத்து நின்ற ஆதம் (அலை) அவர்களின் மகனுக்கு, மண்ணைக் கீறி வழிகாட்டியது ஒரு காகமே என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 31-ஆம் வசனத்தில் காண்கிறோம். அங்கு பறவை ஆசான், மனிதன் மாணவன்.

இந்நோக்கு வளர்ந்த சூழலில்தான் பஸராவின் அல்ஜாஹிஸ் (இறப்பு: ஹிஜ்ரி 255) ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றினார். அரிஸ்டாட்டில் கூறியதாயினும் ஆராயாமல் ஏற்க அவர் ஒருப்படவில்லை. உயிர்களோடு பழகிய எளிய மக்களிடம் கேட்டறிந்தார். கேட்டவற்றையும் ஐயுற்றுச் சோதித்தார்.

இந்தியாவிலும் இத்தகைய நோக்கைக் காண்கிறோம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயினே அக்பரி'யில் 'பயா' என வழங்கும் இப்பறவையின் கூர்மதியையும், பழக்கினால் பணிந்து நடக்கும் இயல்பையும், கைவினைஞரும் போட்டியிட இயலாத அதன் கூட்டையும் வியந்து குறித்தார். அடுத்து, டில்லியைச் சேர்ந்த அத்ஹர் அலி கான் இப்பறவை குறித்து எழுதிய கட்டுரை, கல்கத்தா ஆசியவியல் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் 1790-இல் இடம்பெற்றது. கிணற்றில் இட்ட மோதிரத்தை, அது நீரைத் தொடுமுன் பாய்ந்து பற்றி வரும்படி இப்பறவை பழக்கப்பட்டதை அவர் குறிப்பிடுகிறார்.

இக்கட்டுரையில் நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லும் கதையும் வருகிறது. இக்குருவி மின்மினியை ஈரமண்ணில் பதித்துக் கூட்டில் விளக்கேற்றுகிறது என்பதே அக்கதை. அத்ஹர் அலி கான் அதனை அப்படியே ஏற்கவில்லை. கூட்டில் மின்மினிகள் காணப்படுவது உண்மை. ஆனால் அவ்வொளியால் பறவைக்குப் பயன் சிறிதே. எனவே அவற்றை அது உண்கிறது எனக் கொள்வதே பொருத்தம் என்பது அவர் முடிவு. பறவையைப் புகழ வந்தவரே புனைவை விலக்கியது அவருடைய நேர்மைக்குச் சான்று. கூட்டினுள் மண் பூசப்படுவது மெய்யே. காற்றில் ஆடும் கூட்டை நிலைப்படுத்த அது உதவக்கூடும் என்பர்.

140 ஆண்டுகளுக்குப் பின், 1930-இல், வேலையிழந்திருந்த சலீம் அலி பம்பாய்க்கு அப்பாலுள்ள கிஹிம் கடற்கரையில் இப்பறவைகளை நாள்தோறும் கவனித்தார். ஆண் பறவை கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் பறவை வந்து ஆராய்ந்து, நிறைவு கொண்டால் மட்டுமே ஏற்கிறது. அதன்பின் எஞ்சிய பகுதியை முடித்துவிட்டு, ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. தேர்ந்து மதிப்பிடும் கண்ணும் இந்நெசவின் ஒரு பகுதி என்பதை இவ்வாய்வு வெளிப்படுத்தியது. அப்பெருமகனாரின் பெயர் தாங்கிய பறவையியல் மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ளது.

இத்திறன் பிறவியிலேயே வாய்த்ததா, கற்றதா? ஆப்பிரிக்க நெசவுக் குருவிகளை ஆராய்ந்த காலியஸ் இணையர், இளமையில் புல்லும் ஓலையும் இன்றி வளர்ந்த ஆண் குஞ்சுகள் பின்னர் நெய்வதில் தடுமாறியதை 1960-களில் கண்டனர். உந்துதல் பிறப்பிலேயே இருக்கிறது; கைவரப் பயிற்சி வேண்டியிருக்கிறது. தேனீக்கு இறைவன் உணர்த்தியதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 68-ஆம் வசனத்தில் ஓதும் நமக்கு இது முரணாகத் தோன்றவேண்டியதில்லை. இறைவன் அருளிய உள்ளுணர்வு முயற்சியை விலக்குவதில்லை. பனியன் கூடத்தில் தொழில் பழகும் இளைஞனின் விரல்களும் அவ்வாறே தேர்கின்றன.

குருவி நெய்வதற்குப் புல் வேண்டும், பனையும் கிணறும் வேண்டும். நம் நெசவுக்கோ சாயம் வேண்டியிருந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஆற்றை நம்பிய வேளாண்மை சீர்குலைந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பின்னர், கழிவுநீரை வெளியேற்றாத முறையுடன் அவை மீண்டும் இயங்கின. திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சர் தகுதியும் பெற்றது. தவறும் திருத்தமும் ஒரே மண்ணில் நிகழ்ந்துள்ளன.

ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு பணித்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. அப்பறவை அறிவுடையதா என்று எவரும் அங்கே கேட்கவில்லை. அதன் தவிப்பே போதுமானதாயிருந்தது. தூக்கணாங்குருவியின் அறிவை அளக்கும் ஆய்வு தொடரட்டும். அதன் புல்லையும் நீரையும் விட்டுவைக்கும் கடமைக்கு அவ்வாய்வின் முடிவு வரை காத்திருக்க வேண்டியதில்லை.