மூணு நாளைக்கு ஒரு அங்குலம்

உங்க செல்போன்ல நம்பர் அடிக்கிற திரையைப் பாருங்க. மேல் வரிசையில 1, 2, 3. அப்படியே கால்குலேட்டரைத் திறங்க. மேல 7, 8, 9. ஏன் இந்தத் தலைகீழ்?

இப்பல்லாம் 'சீனியர் யூசர் ரிசர்ச்சர்'னு ஒரு பதவி இருக்கு. நாம மாங்கு மாங்குன்னு ஆணி புடுங்கி முடிச்சப்புறம் வந்து, "இந்த பட்டன் யாருக்கும் புரியலை"ன்னு சொல்லிட்டுப் போவாங்களே, அவங்கதான். ஏதோ வெப்சைட் வந்தப்புறம் முளைச்ச வேலைன்னு நினைச்சுடாதீங்க. இவங்களோட கொள்ளுத்தாத்தா 1945-லயே அமெரிக்காவின் பெல் லேப்ஸில் சேர்ந்துட்டார். பேரு ஜான் கார்லின். தென்னாப்பிரிக்காவில் பிறந்த உளவியலாளர். ஃபோன் கம்பெனியில சைக்காலஜிஸ்டுக்கு என்ன வேலைங்கறீங்களா?

பட்டன் ஃபோன் செய்யலாம்னு முடிவானப்ப, அன்னிக்கு இருந்த கணக்கு மெஷினைப் பார்த்து 7, 8, 9-ஐ மேல வெச்சு வேலையை முடிச்சிருக்கலாம். கார்லின் குழு அப்படிச் செய்யலை. வட்டமா, ரெண்டு வரிசையா, மூணு வரிசையான்னு விதவிதமா அடுக்கி, ஆட்களை உட்கார வெச்சு அழுத்தச் சொல்லி, வேகத்தையும் தப்பையும் அளந்தாங்க. டெய்னிங்கர் என்பவர் 1960-ல இதைக் கட்டுரையா வெளியிட்டார். 1963 நவம்பரில் பட்டன் ஃபோன் விற்பனைக்கு வந்தது. அந்த அடுக்குதான் இன்னிக்கும் உங்க கையில.

எனக்கு இதைவிட அந்த ஒயர் கதைதான் மண்டையைக் குடையுது. போருக்குப் பிந்தைய காலம், தாமிரத்துக்குத் தட்டுப்பாடு. ரிசீவர் ஒயர் சுமார் மூணு அடி. குறைச்சா என்னன்னு மேலிடத்துக்கு யோசனை. கார்லின் ஆட்கள் மூணு நாளைக்கு ஒரு தடவை சக ஊழியர்களோட ரூமுக்குள்ள நைசா புகுந்து, ஒரு அங்குலம் ஒயரை வெட்டிட்டு வந்தாங்க. யாருகிட்டயும் சொல்லலை. ஒரு அடி குறையற வரைக்கும் ஒருத்தரும் கவனிக்கலை!

கெட்டிக்காரத்தனமான சோதனைதான், ஒத்துக்கறேன். ஆனா "யாரும் கவனிக்கலை"ங்கறதும் "யாருக்கும் கஷ்டமில்லை"ங்கறதும் ஒண்ணா? ஒயருக்காக எத்தனை பேர் தெரியாமலே முன்னாடி குனிஞ்சு பேசினாங்களோ! பட்டன் விஷயத்துல கேள்வி, மனுஷனுக்கு எது சுலபம்னு. இங்க கேள்வி, மனுஷன் எது வரைக்கும் தாங்குவான்னு. அளவுகோல் அதேதான், ஆனா கேட்ட ஆள் வேற. இன்னிக்கு நாம ஓடவிடற டெஸ்ட்டுல பாதி இந்த ரெண்டாவது ரகம்தானே?

எல்லாத்தையும் ஜனங்க கவனிக்காமலும் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஃபோன் நம்பரை முழுக்க எண்ணாக்க ஆரம்பிச்சப்ப, 1962-ல சான்ஃபிரான்சிஸ்கோவில் எதிர்த்துச் சங்கமே வெச்சாங்க. கார்லினுக்கும் வசவு விழுந்தது.

பிரிட்டிஷ் அரசு 2012-ல தன் டிஜிட்டல் சேவைகளுக்கு விதிகள் எழுதினப்ப, முதல் விதியே தேவையைப் பத்தினது. அரசோட தேவை இல்லையாம், பயன்படுத்துறவங்களோட தேவையாம். கார்லின் அடுத்த வருஷம் ஜனவரியில, 94 வயசில் இறந்துபோனார்.