நோர்வே எண்ணெய் நிதியம்: இலாபமா, மக்களின் ஏற்பா?

நோர்வேயின் எண்ணெய் நிதியத்தின் அமைப்பைத் தீர்மானித்தது முதலீட்டுத் திறனைக் காட்டிலும் மக்களின் ஏற்பே என்று வாதிட்டனர், அதனை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அறிஞர்கள் கோர்டன் கிளார்க், ஆஷ்பி மாங்க்.

எண்ணெய், எரிவாயு வருமானத்தைச் சேமிக்க 1990இல் சட்டம் வந்தபோதிலும், முதல் தொகை செலுத்தப்பட்டது 1996இல்தான். மத்திய வங்கி நிர்வகிக்கும் இப்பணம் முழுவதும் வெளிநாடுகளிலேயே முதலீடு செய்யப்படுகிறது. உள்நாட்டில் கொட்டினால் ஊதியமும் விலைவாசியும் ஏறி, பிற ஏற்றுமதித் தொழில்கள் நலிந்துவிடும் என்ற அச்சமே காரணம்.

முதலீட்டுக்கான ஒழுக்கநெறி விதிகள் 2004இல் வந்தன. தொழிலாளர் உரிமை மீறல் குற்றச்சாட்டின் பேரில் 2006இல் வால்மார்ட் விலக்கப்பட்டபோது, ஓஸ்லோவிலிருந்த அமெரிக்கத் தூதர் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்நிறுவனத்தின் மீதான தடை 2019இல் நீங்கியது.

உள்நாட்டுச் சர்ச்சையோ, எவ்வளவு செலவிடலாம் என்பது பற்றியது. நிதியத்தின் மதிப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீதமே எடுக்கலாம் என்ற விதி 2001இல் ஏற்கப்பட்டது. கூடுதலாகச் செலவிடக் கோரிவந்த முன்னேற்றக் கட்சி, 2013இல் ஆட்சியில் பங்கேற்றது. 2017இல் அவ்வரம்பை 3 சதவீதமாகக் குறைத்த அரசின் நிதியமைச்சர், அதே கட்சியின் தலைவர்தான்.