ஊறவைத்த சோளம்

எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் புரட்டாசி என்றால் புழுதி விதைப்பு. மழைக்கு முன்பே விதை மண்ணுக்குள் போய்விடும். முதல் மழையில் முளைத்ததை அடுத்த மழை வரைக்கும் யார் காப்பாற்றுவது? விதைதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் விதைக்கு முன்பக்குவம் செய்வது எங்கள் பக்கம் பழைய வேலை. பாட்டி பருத்தி விதையைச் சாணிப்பாலும் மண்ணும் விட்டுப் பிசைவாள். பஞ்சு படிந்து, விதை உதிரி உதிரியாகக் கையை விட்டு இறங்கும்.

ஊறவைப்பது அதைவிடப் பழசு. வெள்ளரி விதையைப் பாலிலோ தண்ணீரிலோ ஊறப்போட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று கிரேக்கத்துத் தியோபிராஸ்டஸ் 2300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். போன நூற்றாண்டில் ரஷ்யாவின் கென்கெல், விதையை நனைத்து மறுபடி உலர்த்தினால் பயிர் வறட்சி தாங்கும் என்றார். அந்த வழியில் வந்ததுதான் நம் ஊர் 'விதை கடினப்படுத்துதல்'.

சோளத்துக்குக் கணக்கு இது: லிட்டர் தண்ணீரில் 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், ஆறு மணி நேர ஊறல், பிறகு பழைய ஈரப்பதத்துக்கு நிழலில் உலர்த்தல். விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கியிருக்கும். வேர் மட்டும் வெளியே வந்திருக்காது. மழை பட்டதும் மற்ற விதையை முந்திக்கொள்ளும்.

அப்பா ஒரு வருஷம் சோளத்தை ஊறப்போட்டுவிட்டுத் துக்க வீட்டுக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் திரும்பினால் விதைக்கு விதை வெள்ளை மூக்கு. வீணாக்க மனசு வராமல் உலர்த்தி விதைத்தார். வேர் எட்டிப் பார்த்த பிறகு காய்ந்த விதை பிழைக்காது. அந்தக் கொல்லை பொட்டலாகவே கிடந்தது.

இப்போது ஊறல் தண்ணீரில் நானோ துகள். வறட்சியில் செடிக்குள் பெருகும் கேடான ஆக்சிஜனை அடக்கும் நொதிகளில் ஒன்றுக்குத் துத்தநாகம் வேண்டும். அதைத் துகளாக்கி ஊட்டிப் பார்க்கிறார்கள். 2012-ல் வெளியான திருப்பதி ஆய்வொன்றில் நிலக்கடலை விதைக்குக் கொடுத்த துத்தநாக ஆக்சைடு துகளின் அளவு 25 நானோமீட்டர். தலைமுடிப் பருமனில் சுமார் 3000-ல் ஒரு பங்கு. பத்து லட்சத்துக்கு 1000 பங்கு கலந்தபோது முளைப்பும் வளர்ச்சியும் கூடின. 2000 ஆனபோது அதுவே வளர்ச்சியைத் தடுத்தது.

நானோமீட்டர் என்றால் அப்பா விழித்திருப்பார். அந்த 2000 மட்டும் அவருக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும்.